13 இன்ச்சா... 15 இன்ச்சா? செம்பாக்கத்தில் ஒரு ஹெரால்டு!

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற மெயின் ரோட்டில் ஒரு தடவை பொறுமையா நடந்து பாருங்க. கேம்ப் ரோடு, ராஜகீழ்பாக்கம், செம்பாக்கம், சந்தோஷபுரம்னு ஊர் பேர் மாறிக்கிட்டே வரும். மாறாதது ஒண்ணுதான்... டயர் கடை! பஞ்சர் ஒட்டுற தகரக் கொட்டகையிலிருந்து, கண்ணாடி போட்டு ஏ.சி. வெச்ச ‘வீல் அலைன்மென்ட்’ சென்டர் வரைக்கும் எல்லா சைஸும் உண்டு. வாசலிலேயே அலாய் வீல்களை அடுக்கி, வெயிலில் மின்ன விட்டிருப்பாங்க. பைக்ல போறவன்கூட ஒரு செகண்ட் ஆக்ஸிலரேட்டரை விட்டுட்டு திரும்பிப் பார்ப்பான். வண்டியே இல்லாதவனும் பார்ப்பான். அதுதான் அலாயின் அழகு!

மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் கதையே வேற. நகர், அவென்யூ, குறுக்குத்தெருன்னு பேருக்குக் குறைச்சல் இல்லை. அகலத்துக்குத்தான் குறைச்சல். ஒரு பக்கம் டூ வீலர் வரிசை, இன்னொரு பக்கம் தண்ணி லாரி, நடுவில் குழாய்க்காகத் தோண்டி, மூடினதா மூடாததான்னு தெரியாத ஒரு நீளப் பள்ளம். பத்து வீட்டுக்கு ஒரு ஸ்பீடு பிரேக்கர். அதுவும் யாரோ ராத்திரியோட ராத்திரியா கட்டின மாதிரி செங்குத்தா இருக்கும். 2021 நவம்பரில் செம்பாக்கம் நகராட்சி, தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஊர் மாநகரம் ஆயிடுச்சு, தெரு மட்டும் இன்னும் கிராமத்துத் தெருதான்!

இப்படி ஒரு தெருவில்தான் இருக்கு அந்த வண்டி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ‘எம்எஸ்’னு ஆரம்பிக்கிற பழைய மெட்ராஸ் நம்பர். நம்ம தோஸ்த்தோட தாத்தா வாங்கினது. அவன் பிறக்கிறதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே அந்த வீட்டில் குடி இருக்கிற ஜீவன். காலேஜ் முடிச்சு முதல் மாசச் சம்பளம் வந்ததும் தோஸ்த் போட்ட முதல் பிளான்... அதுக்கு 15 இன்ச் அலாய் மாட்டணும்!

“பாரு மச்சி, இவ்ளோ அழகான பாடிக்குக் கீழ என்ன இருக்கு? சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியா நாலு சக்கரம்! 15 போட்டா வண்டி அப்படியே நிக்கும்!”

நிக்கத்தான் செய்யும். எங்கே நிக்கும் என்பதுதான் கேள்வி.

ஹெரால்டைப் பத்தித் தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். இது அசல் நம்ம ஏரியா வண்டி. செம்பாக்கத்திலிருந்து கேம்ப் ரோடு, சேலையூர், தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் பெருங்களத்தூர். அங்கே இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலை. இந்தியாவில் அம்பாசடருக்குக் கல்கத்தா, ஃபியட்டுக்குப் பம்பாய் என்றால் ஹெரால்டுக்கு நம்ம பெருங்களத்தூர். 1961-ல் இங்கே ஹெரால்டு வர ஆரம்பித்தது. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டாக அறிமுகமான அதே கார். வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிச்செலோட்டி. இன்ஜின் 948 சிசி, சுமார் 35 குதிரை சக்தி. சிரிக்காதீங்க, அந்தக் காலத்துக்கு அது போதும்.

இதில் ஒரு ரகசியம் இருக்கு. இங்கிலாந்தில் இந்த ஹெரால்டின் சேஸியைக் கொஞ்சம் குறுக்கி, அதன் மேல் ரெண்டு சீட் பாடி போட்டு 1962-ல் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கினாங்க. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்! 1965 லெ மான் 24 மணி நேர ரேஸில் தன் கிளாஸில் ஜெயித்த வண்டி. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்குகிற அந்த இரும்பு லிங்க்கை லோட்டஸ் கம்பெனிகூட தன் எலான் ஸ்போர்ட்ஸ் காருக்கு எடுத்துக்கிச்சு. அதாவது, செம்பாக்கத்துச் சந்தில் தார்ப்பாய் போர்த்தி நிக்கிற இந்தத் தாத்தா கார், உள்ளுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். மாறுவேஷத்தில் இருக்கு, அவ்வளவுதான்.

ஸோ, தோஸ்த்தோட ஆசையில் தப்பே இல்லை. ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய சக்கரம் போடணும்னு உலகம் பூரா பசங்க அலையுறாங்க. அந்த ஆசையோடு ஒரு சனிக்கிழமை கடை கடையாக ஏறினோம்.

முதல் கடையில் அண்ணன் கேட்ட முதல் கேள்வியே எங்களை உக்கார வெச்சிடுச்சு.

“தம்பி, பிசிடி என்ன?”

வீலில் நட்டு போடுற ஓட்டைகள் இருக்கில்லையா, அதெல்லாம் ஒரு வட்டத்தில்தானே இருக்கும்? அந்த வட்டத்தோட விட்டம்தான் பிசிடி. மாருதி 800-க்கு நாலு நட்டு, 114.3 மில்லிமீட்டர். ஸ்விஃப்ட்டுக்கு நாலு நட்டு, 100. பழைய ஃபியட் பத்மினிக்கும் பேலியோவுக்கும் 98. ஃபோர்டு ஐகானுக்கு 108. நம்ம ஹெரால்டுக்கு? மூணே முக்கால் இன்ச். அதாவது 95.25. இங்கிலீஷ்காரன் இன்ச் கணக்கில் போட்ட ஓட்டை. கடை முழுக்கத் தேடினாலும் 95.25-ல் ஒரு அலாய் கிடைக்கலை. கிடைக்கவும் கிடைக்காது. அந்த அளவில் அலாய் பண்றவங்க இங்கிலாந்து பக்கம்தான். கப்பல் செலவு, வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் முதல் மாசச் சம்பளம் இல்லை, முதல் வருஷச் சம்பளமே காலி!

ரெண்டாவது கடையில் ஒரு ‘ஐடியா’ ரெடியா இருந்தது.

“98 இருக்கு தம்பி. உங்களுக்கு 95 கால். மூணு மில்லிகூட இல்ல. நட்டை இழுத்துப் புடிச்சா உக்காந்துக்கும். பயப்படாதீங்க, ஓடும்.”

தோஸ்த் முகத்தில் பல்பு எரிஞ்சது. நான் கால்குலேட்டரை எடுத்தேன். விட்டத்தில் 2.75 மில்லி வித்தியாசம்னா, ஒவ்வொரு போல்ட்டும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1.375 மில்லி உள்ளே தள்ளி நிக்குது. ஒரு ரூபாய் நாணயத்தோட கனம்கூடத் தேறாது. பார்க்க ஒண்ணுமே இல்லை. ஆனால் வீல் நட்டோட முனை கூம்பு மாதிரி இருக்கும். அது ஓட்டையில் இருக்கிற கூம்புக் குழியில் நாலு பக்கமும் சமமா உக்காரணும். அப்பதான் சக்கரம் நடு மையத்தில் நிற்கும். இழுத்துப் புடிச்சால் நட்டு ஒரு ஓரத்தில் மட்டும் கடிச்சுக்கிட்டு நிக்கும். போல்ட் லேசா வளையும். அந்த வளைஞ்ச போல்ட், சக்கரம் ஒவ்வொரு சுத்து சுத்தும்போதும் ஒரு தடவை நெளியும். கம்பியை இப்படி அப்படி வளைச்சுக்கிட்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான். நட்டு லூஸ் ஆகும், இல்லை போல்ட் அறுந்துபோகும். வீட்டு வாசலில் அறாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் எண்பதில் போகும்போதுதான் அறும்!

“வேணாம்ண்ணா”ன்னு தோஸ்த்தை இழுத்துக்கிட்டு வந்தேன். “அடாப்டர் போட்டுக்கலாம்ல?”ன்னு அவன் வழியெல்லாம் புலம்பல். அடாப்டர்னா நடுவில் ஒரு கனமான வட்டத் தகடு. அதன் ஒரு பக்கம் ஹெரால்டு ஓட்டை, மறு பக்கம் ஸ்விஃப்ட் ஓட்டை. நல்ல லேத்தில், நல்ல மெட்டீரியலில், துல்லியமா செஞ்சால் ஓடத்தான் செய்யும். ஆனால் தகடோட கனம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளிப்போகும். அப்போ ஹப், பேரிங், பின்பக்க ஷாஃப்ட் எல்லாத்துக்கும் பாரம் ஏறும். ஹெரால்டு குடும்பத்துக்கே பின் ஷாஃப்ட்டும் ஹப்பும் கொஞ்சம் பலவீனமான இடம் என்பது அந்த வண்டி வெச்சிருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்.

சரி, பிசிடி பிரச்னை தீர்ந்துடுச்சுன்னே வெச்சுக்குவோம். அடுத்தது டயர் கணக்கு. பிளஸ் டூவில் தப்பிச்ச கணக்கெல்லாம் இங்கே வந்து நிக்கும் பாஸ்!

ஹெரால்டுக்கு அந்தக் காலத்தில் வந்தது 5.20-13 டயர். இப்ப அதுக்குப் பதிலாகப் போடுறது 145/80 ஆர்13. இதில் 145 என்பது டயரோட அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 145-ல் 80 சதவிகிதம் 116 மில்லி. 13 இன்ச் ரிம் என்பது 330 மில்லி. மேலே 116, கீழே 116 கூட்டினால் மொத்த உயரம் 562 மில்லி.

15 இன்ச்சுக்குத் தோதா வர்றது 195/50 ஆர்15. பக்கச் சுவர் 97.5 மில்லி, மொத்த உயரம் 576. பரவாயில்லை, ரெண்டரை சதவிகிதம்தான் வித்தியாசம். ஆசைப்பட்டு 17-க்குப் போனால்? 205/40 ஆர்17 எடுத்தால் 596 மில்லி. ஆறு சதவிகிதம் ஏறிடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்க 106-ல் போயிட்டிருப்பீங்க. பக்கச் சுவர் வெறும் 82 மில்லி. அந்த 17 இன்ச் அலாய் வழியே எட்டிப் பார்த்தால், உள்ளே ஹெரால்டோட குட்டி டிரம் பிரேக் தெரியும். அண்டாவுக்குள் டம்ளர் போட்ட மாதிரி!

மேல்நாட்டில் ரிம் பெருசானதுக்கு ஒரு முக்கியமான காரணம், உள்ளே பெரிய டிஸ்க் பிரேக் உக்காரணும் என்பது. நமக்கு அந்த அவசியமே இல்லை. பிரேக் அதேதான், ரிம் மட்டும் பெருசு. போதாக்குறைக்கு அகலமான டயரும் பெரிய ரிம்மும் எடை கூட. அதைச் சுத்தி விடுறது யாரு? அதே 35 குதிரை! செம்பாக்கம் சிக்னலில் பின்னாடி நிக்கிற ஷேர் ஆட்டோகூட ஹாரன் அடிச்சு ஓவர்டேக் பண்ணும்.

அந்தப் பக்கச் சுவர் விஷயத்தை மட்டும் கொஞ்சம் யோசிங்க. 116 மில்லி காற்று மெத்தை என்பது ஸ்பிரிங்குக்கு முன்னாடியே வேலை செய்யுற முதல் ஸ்பிரிங். பள்ளத்தின் விளிம்பில் டயர் இடிக்கும்போது அந்த ரப்பர்தான் மடங்கிக் கொடுத்து ரிம்மைக் காப்பாத்துது. மழைக்காலத்தில் செம்பாக்கம் ஏரிப் பக்கத்துத் தெருக்களில் தண்ணி நிக்கும்போது, பள்ளம் எங்கே, மேன்ஹோல் எங்கேன்னு யாருக்குத் தெரியும்? 13 இன்ச் இரும்பு ரிம் நசுங்கினால் நம்ம பஞ்சர் கடை அண்ணன் சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டி நேராக்கிடுவார். அலாய் வெடிச்சால் தட்டி நேராக்க முடியாது. வெல்டிங் வெச்சுத் தர்றேன்னு சிலர் சொல்வாங்க. அந்த வெல்டிங்கை நம்பி நூறில் போக எனக்குத் தைரியம் கிடையாது.

இதெல்லாம் சொல்லியும் தோஸ்த் அசையலை. அவனை அசைச்சது ஒரு யூ டர்ன்!

ஹெரால்டுக்கு உலகம் பூரா பேர் வாங்கித் தந்தது அதோட திரும்புற வட்டம். வெறும் 25 அடி. லண்டன் டாக்ஸி மாதிரி, நின்ற இடத்தில் திரும்பும்னு அந்தக் காலத்துப் பேச்சு. அவங்க வீட்டுத் தெருவில் இப்ப வர்ற எந்த காரும் ஒரே ஒடியில் திரும்பாது. முன்னாடி, பின்னாடி, முன்னாடின்னு மூணு தடவை போய் வரணும். எதிர் வீட்டுக் கேட்டில் இடிச்சு, எதிர் வீட்டு ஆன்ட்டி வெளியே வந்து... அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தாத்தா தார்ப்பாயை எடுத்தார். ஏறி உக்காந்தார். எண்பதைத் தாண்டின மனுஷன். ஸ்டியரிங்கை ஒரு பக்கமா முழுசா ஒடிச்சார். அவ்வளவுதான்... அந்த வண்டி, ஒரு பக்கச் சாக்கடை மூடியிலிருந்து மறு பக்கச் சாக்கடை மூடி வரைக்கும் ஒரே வட்டமா வந்து நின்னுச்சு. பக்கத்து வீட்டுப் பையன் கைதட்டினான்!

“இறங்கி முன் சக்கரத்தைப் பார்றா கண்ணா”ன்னார் தாத்தா.

ஹெரால்டின் பானெட்டை மூக்கோடு சேர்த்து முன்பக்கமா அப்படியே கவிழ்த்துத் திறக்கலாம். இன்ஜின், சஸ்பென்ஷன் எல்லாம் பப்பரப்பான்னு வெளியே தெரியும். மெக்கானிக்குகள் முன் டயர் மேலேயே உக்காந்து வேலை பார்ப்பாங்க. சீட் ஃப்ரீ! சக்கரம் முழுசா ஒடிச்சு நிக்குது. டயரோட உள் விளிம்புக்கும் சேஸிக்கும் நடுவில் விரல் விடுற அளவு இடம். 145 மில்லி டயருக்கே இவ்வளவுதான் இடம். 195 போட்டால் 50 மில்லி அகலம் கூடும். உள்பக்கம் பாதி, வெளிப்பக்கம் பாதின்னு பிரிச்சாலும் உள்ளே 25 மில்லி வரும். சேஸியில் உரசும். உரசாம இருக்கணும்னா வெளியே தள்ளணும், அப்ப மட்கார்டில் உரசும். இல்லைன்னா ஸ்டியரிங் முழுசா ஒடியாத மாதிரி ஒரு தடுப்பு வெக்கணும். வெச்சால்?

“இந்தத் தெருவுல திரும்பாது. திரும்பாத ஹெரால்டை வெச்சு என்னடா பண்ணுவே?”

தோஸ்த் பதில் சொல்லலை. குனிஞ்சு அந்த விரல் இடைவெளியையே பார்த்துக்கிட்டிருந்தான்.

தாத்தா விடலை. பின்னாடி கூட்டிட்டுப் போனார். எனக்குக் கேட்டால், இந்தக் கதையில் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் இதுதான். ஹெரால்டின் பின் சஸ்பென்ஷனுக்குப் பேர் ஸ்விங் ஆக்ஸில். நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் பெட்டியிலிருந்து ரெண்டு பக்கமும் ஷாஃப்ட் போகுது. அந்தப் பெட்டியை ஒட்டி மட்டும்தான் மடங்கும். கதவு கீலில் ஆடுற மாதிரி சக்கரம் மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங். ரோடு மேடு பள்ளமா இருந்தால் ஒரு சக்கரத்தோட ஆட்டம் இன்னொரு சக்கரத்துக்குப் போகாது. அம்பாசடரும் ஃபியட்டும் ஒரே இரும்பு அச்சில் குதிச்சு குதிச்சுப் போன காலத்தில் இது பெரிய சொகுசு.

ஆனால் வேகமா ஒரு வளைவில் போய், பாதியில் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால்? வண்டியோட பின்பக்கம் தூக்கும். தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். தொங்கினால் கீல் கதவு மாதிரி உள்பக்கமா மடங்கும். வெளிப்பக்கச் சக்கரம் டயரோட ஓரத்தில் நொண்டிக்கிட்டு நிக்கும். அடுத்த செகண்ட் வண்டி சுத்தும், இல்லைன்னா உருளும். அமெரிக்காவில் செவர்லே கார்வேர்னு ஒரு காருக்கு இதே மாதிரி ஸ்விங் ஆக்ஸில். அதை வெச்சுத்தான் 1965-ல் ரால்ஃப் நேடர் எழுதின ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீடு’ புத்தகத்தோட முதல் அத்தியாயமே ஆரம்பிச்சுது. அந்த வண்டியில் முன் டயருக்குக் கம்மி காத்து, பின் டயருக்கு அதிகக் காத்துன்னு கம்பெனி சொன்ன கணக்கு தப்பினாலே வண்டி தறி கெட்டுப் போகும். வெறும் காத்து அளவுக்கே அந்தப் பாடுன்னா, டயர் சைஸையே மாத்தினால்?

“அகலமா போட்டா கிரிப் ஜாஸ்தியாகும்ல, அப்ப சேஃப்தானே தாத்தா?” தோஸ்த்தோட கடைசி அஸ்திரம்.

இங்கேதான் எல்லாரும் ஏமாறுறது. ஒல்லி டயர்னா, வளைவில் ஒரு அளவுக்கு மேல போனால் வழுக்கும். சத்தம் போடும், எச்சரிக்கும். அகல டயர் வழுக்காமல் பிடிச்சுக்கும். பிடிச்சுக்கிட்டே இருக்கிறதால் பக்கவாட்டு விசை ஏறும். அந்த விசைதான் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மடக்கி விடுறது. ஸோ, நல்ல டயர் போட்டதாலேயே மடங்குற வாய்ப்பு கூடும்! டிரையம்ப் கம்பெனிக்கே இது தெரியும். அதனால்தான் 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் ஃபோரில் அந்த லீஃப் ஸ்பிரிங்கை மாத்தி, வளைவில் மடங்காத மாதிரி பண்ணினாங்க. பெருங்களத்தூர்க்காரங்க இன்னும் ஒரு படி மேலே போய், ஹெரால்டுக்கு அப்புறம் 1970-களில் வந்த கஸெல் காரில் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிட்டு, சாதா அச்சைப் போட்டுட்டாங்க.

அப்புறம் தாத்தா ஒரு சின்ன ஆயில் கேனை எடுத்துட்டு வந்தார். முன் சக்கரத்துக்குக் கீழே ட்ரன்னியன்னு ஒரு பித்தளை நிறப் பாகம் இருக்கு. சக்கரம் திரும்புறது அதோட மரையில்தான். அதுக்கு கிரீஸ் போடக் கூடாது, இ.பி.90 கியர் ஆயில்தான் விடணும். நிறைய மெக்கானிக்குகள் பழக்கதோஷத்தில் கிரீஸை அடிச்சு விட்டுடுவாங்க. உள்ளே துருப்பிடிச்சு, ஒருநாள் பட்டுன்னு உடைஞ்சு, முன் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிடும். பெரிய, கனமான சக்கரம் போட்டால் அந்த நாள் இன்னும் சீக்கிரம் வரும். அரை நூற்றாண்டா இந்த வண்டி உடையாமல் ஓடுறதுக்குக் காரணம் ஒரு கேன் ஆயில்!

அன்னிக்கு சாயங்காலம் மூணு பேரும் ஹெரால்டிலேயே பெருங்களத்தூர் கிளம்பினோம். கேம்ப் ரோடு ஜங்ஷன் நெரிசலில் எல்லாருடைய மொபைலும் எங்க பக்கம் திரும்பியது. ஒல்லி டயர்தான் போட்டிருந்தோம், யாரும் குறையாச் சொல்லலை! சேலையூர் தாண்டி, தாம்பரம் மேம்பாலம் ஏறி ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கினதும் தாத்தா நாற்பதுக்கு மேல் போகலை. லாரியெல்லாம் உறுமிக்கிட்டுத் தாண்டிப் போச்சு.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்ப ‘ஸ்ரீராம் கேட்வே’ ஐ.டி. பார்க். கண்ணாடிக் கட்டடங்கள், அடுக்குமாடி வீடுகள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டின நம்ம வயசுப் பசங்க காபி கப்போடு நிக்கிறாங்க. ஸ்டாண்டர்டு கம்பெனி கடைசியா 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’னு ஒரு பெரிய காரைக் கொண்டு வந்தது. இங்கிலாந்து ரோவர் எஸ்டி1-ன் பாடிக்குள் பழைய வேன்கார்டு காலத்து இன்ஜின்! வெளியே பளபளா, உள்ளே பழசு. பெட்ரோல் குடிச்சுது, விலையும் ஜாஸ்தி. மூணே வருஷத்தில் உற்பத்தி நின்னு, தொழிற்சாலையும் போச்சு. பாடிக்குப் பொருந்தாத இன்ஜின் கதையைக் கேட்டதும் தோஸ்த் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒண்ணும் சொல்லலை.

“இந்த கேட்டு வழியாத்தான் நம்ம வண்டி வெளிய வந்துச்சு”ன்னார் தாத்தா. கேட்டே இல்லை அங்கே. ஆனாலும் அவர் கை காட்டின இடத்தை நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேக்குறவங்களுக்கு... மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்து ஆர்.சி.யில் ஏறின விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதிப்படுத்திடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்தில் அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும்னு வெச்சிருக்காங்க. புது கார்னா உங்க மாடலின் டாப் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கிற சைஸ் வரைக்கும் போகலாம், அது பெரிய வம்பில்லை. ஹெரால்டுக்குக் கேட்க கம்பெனியே இல்லையே! இன்ஷூரன்ஸ்காரங்களுக்குச் சொல்லாமல் மாத்தினால், விபத்துன்னு போய் நிக்கும்போது அதையே காரணமாச் சொல்லி கிளெய்மை மறுக்கவும் வாய்ப்பு உண்டு.

2021 ஜூலையில் மத்திய அரசு ‘வின்டேஜ்’ வண்டிகளுக்குத் தனி பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸி, பாடி, இன்ஜினை மாத்தியிருக்கக் கூடாது. ‘விஏ’ன்னு எழுத்து வர்ற தனி நம்பர் தருவாங்க. தோஸ்த்துக்குக் கேட்டதும் ஆசை. ஆனால் அந்த நம்பர் வாங்கினால் கண்காட்சி, பழைய கார் ராலி மாதிரியான காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்டிட்டுப் போக முடியாது. வாசல்லயே நிக்க வெச்சு போட்டோ எடுக்கிறதுக்கா தாத்தா ஆயில் விட்டார்?

இப்ப ஒரு சீக்ரெட். 13 இன்ச்னா கேவலம்னு நினைக்கிறவங்களுக்கு மட்டும். ஃபார்முலா ஒன் காரில் 2021 சீசன் முடியுற வரைக்கும் பல வருஷமா என்ன ரிம் தெரியுமா? 13 இன்ச்! 2022-ல்தான் 18-க்கு மாறினாங்க. ஷூமாக்கர் ஜெயிச்ச ஃபெராரி, நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டின ஜோர்டான் எல்லாமே 13 இன்ச்தான். இதைச் சொன்னதும் தோஸ்த் முகத்தில் மறுபடியும் பல்பு!

அடுத்த சனிக்கிழமை செம்பாக்கத்திலேயே, மெயின் ரோட்டை ஒட்டின சின்ன டயர் கடை ஒண்ணுக்குப் போனோம். 145/80 ஆர்13 ரேடியல் கேட்டோம். வேகன்-ஆர் மாதிரி வண்டிகளுக்கு வந்த சைஸ்தான். கடைக்காரர் பரணில் இருந்து நாலு டயரை உருட்டி விட்டார். 155/80-ம் இருக்குன்னார். அதுக்கு ரிம் குறைஞ்சது 4 இன்ச் அகலம் வேணும்; ஹெரால்டோட அசல் ரிம் மூணரைதான். அதனால் 145-க்கே ஓகே சொன்னோம். பழைய இரும்பு ரிம் நாலையும் சாண்ட் பிளாஸ்ட் பண்ணி, துருவெல்லாம் எடுத்து, வெள்ளி பெயின்ட் அடிச்சோம். பேலன்சிங் பார்த்தோம். பின்னாடி ஸ்பிரிங் புஷ்ஷும் புதுசு. அலாய்க்கு ஒதுக்கின பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம்!

புது டயரோடு தெருவுக்குள் நுழைஞ்சதும் தோஸ்த் ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சான். ஒரே வட்டம். சாக்கடை மூடியிலிருந்து சாக்கடை மூடி. எதிர் வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்துட்டு உள்ளே போயிட்டாங்க.

“நடுவுல அந்த குரோம் தொப்பி மட்டும் ஒண்ணு வாங்கணும் மச்சி... ஒரிஜினல் எங்க கிடைக்கும்?”னு கேட்டான். அந்தத் தேடல் இப்ப ஓடிக்கிட்டிருக்கு. புதுப்பேட்டையில் ரெண்டு கிடைச்சிருக்கு. இன்னும் ரெண்டு வேணும்.